துளையைச் சுற்றிக் கொஞ்சம் செம்பு

நாற்பது பிழைகளை ஒரு நிமிடத்துக்குள் நான் இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். எதையும் திருத்தவில்லை. விதியை மாற்றினேன், பிழைகள் போய்விட்டன.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்போது பிறை பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் மின்சுற்றுப் பலகை, அதாவது சர்கிட் போர்டு, வரைபவனாக இருந்தேன். "மவன் கம்ப்யூட்டர்ல கோடு போடுறான்" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வார். அதைவிடச் சரியாக அந்த வேலையை இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. செம்புக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், ஒன்றை ஒன்று தொடாமல் எப்படிப் போக வேண்டும் என்று நாள் முழுக்க நகர்த்திக்கொண்டிருப்பதுதான் வேலை.

விஷயத்துக்கு வருவதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் திறந்து போர்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஓர் ஓட்டை. மேலே இருக்கும் பாகத்தின் கால் அந்த ஓட்டை வழியாகக் கீழே வந்து, ஓட்டையைச் சுற்றியுள்ள செம்பு வட்டத்தில் சோல்டர் வைத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தச் செம்பு வட்டத்துக்குப் பெயர் பேட். மென்பொருளில் ஒரு பேட்டை இரண்டு தடவை சொடுக்கினால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் பேட்டின் விட்டம் ஓர் எண், டிரில்லின் விட்டம் இன்னோர் எண். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாதியாக்கினால், ஓட்டையைச் சுற்றி எவ்வளவு செம்பு மிஞ்சும் என்று தெரிந்துவிடும். இன்று யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய கீகேட் மென்பொருளில், சாதாரண 2.54 மில்லிமீட்டர் இடைவெளிப் பின்களுக்குப் பேட் 1.7, டிரில் 1.0 என்று இருக்கும். மிஞ்சுவது சுற்றிலும் 0.35 மில்லிமீட்டர்.

இது எதற்கு? துளை எப்போதும் நடுவில் விழாது, அதற்குத்தான். ஒரு மில்லிமீட்டர் தடிமன் டிரில், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளுக்குள் இறங்குகிறது. இறங்கும்போது கொஞ்சம் வளையும். தேய்ந்த டிரில் இன்னும் வளையும். தகடே சூட்டிலும் அழுத்தத்திலும் கொஞ்சம் நீண்டு சுருங்கியிருக்கும். இதையெல்லாம்விட எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது ஒன்று உண்டு. செம்பின் படம் ஒரு கோப்பிலும், ஓட்டைகளின் இடம் வேறொரு கோப்பிலும் ஃபேக்டரிக்குப் போகின்றன. திரையில் ஒன்றாகத் தெரியும் பேட்டும் ஓட்டையும் உண்மையில் முதல்முறையாகச் சந்தித்துக்கொள்வது அங்கேதான். சந்திப்பு கொஞ்சம் தவறினாலும் காரியம் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் அந்தச் செம்பு.

எனக்கு இது தையல்காரர் விஷயமாகத்தான் முதலில் புரிந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது அம்மா "வளர்ற பிள்ளை, உள்ளுக்குத் துணி விட்டுத் தைங்க" என்பார். வெளியே பார்ப்பவர்களுக்கு அந்தத் துணி தெரியாது. அடுத்த வருடம் பிரித்துத் தைக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சரி, அந்த நாற்பது பிழைகள்.

நான் வரைந்த போர்டில் இரண்டு வரிசையாக நாற்பது பின் கொண்ட கனெக்டர் ஒன்று இருந்தது. இரண்டு பின்களுக்கு நடுவே இரண்டு கோடுகளை நுழைக்க வேண்டியிருந்தது. பேட் 1.7 ஆக இருந்தால் ஒன்றுதான் நுழையும். ஆகவே பேட்டை 1.4 ஆக்கினேன். ஓட்டை 0.9. சுற்றிலும் 0.25 செம்பு. மோசமில்லை.

மாதிரி போர்டு வந்தது. கனெக்டர் உள்ளே போகவில்லை. பின் 0.64 மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் பார்த்திருந்தேன். ஆனால் அது சதுரப் பின். சதுரத்தின் மூலைக்கு மூலை அளந்தால் 0.9. வட்ட ஓட்டைக்குள் சதுரம் போக வேண்டுமென்றால் மூலைகள்தான் கணக்கு. இதைப் படிக்கிறவர்களில் போர்டு வரைபவர் யாராவது இருந்தால் இப்போது சிரித்துக்கொண்டிருப்பார். எல்லாரும் வாழ்க்கையில் ஒருமுறை செய்யும் தப்பு இது.

அடுத்த பதிப்பில் ஓட்டையை 1.1 ஆக்கினேன். பேட்டைத் தொடவில்லை. தொட்டால் நடுவே போகும் இரண்டு கோடுகளையும் வேறெங்காவது கொண்டுபோக வேண்டும், அப்படிச் செய்தால் பாதி போர்டைத் திரும்ப வரைய வேண்டும். மறுநாள் கோப்பு அனுப்பும் நாள். மென்பொருளில் விதி சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினேன். துளையைச் சுற்றிக் குறைந்தது 0.2 செம்பு வேண்டும் என்று விதி. என் போர்டில் 0.15. நாற்பது பின்னுக்கு நாற்பது சிவப்பு அம்பு.

விதிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து 0.2 இருந்த இடத்தில் 0.15 என்று அடித்தேன். மறுபடி பொத்தான். பிழை இல்லை என்று வந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர்டு செய்யும் ஃபேக்டரி, 0.15 வரை எங்களால் முடியும் என்று தன் பட்டியலில் போட்டிருந்தது. ஐ.பி.சி. தரவிதிகளோ இன்னும் தாராளம். அவை போர்டுகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கின்றன. உயிரோடு சம்பந்தப்பட்ட மூன்றாம் வகுப்புக்கு, வெளிப்பக்கத்தில் எல்லாத் தவறும் நடந்து முடிந்த பிறகும் 0.05 மில்லிமீட்டர் செம்பு மிஞ்சியிருக்க வேண்டும். எங்களுடையது போன்ற இரண்டாம் வகுப்புக்கு, ஓட்டை செம்பு வட்டத்தை உடைத்துக்கொண்டு கால்வட்டம் வரை வெளியே போனாலும் ஏற்றுக்கொள்ளலாம். போர்டு பழுதானால் என்ன ஆகும் என்று யோசித்து எழுதிய விதி அது, நியாயமான விதிதான். பழுதானதற்கு யார் திட்டு வாங்குவார் என்பது அதன் கேள்வியில்லை.

திட்டு வாங்கியது கீழ்த்தளத்தில் இருந்த அக்கா.

ரீவொர்க் மேசையில் வேலை. கோணலாக உட்கார்ந்த பாகம், வளைந்த பின், தப்பான இடத்தில் வந்த கனெக்டர் இவற்றையெல்லாம் சூடு காட்டி எடுத்து வேறு வைப்பது. அவருடைய அம்மா தெற்குக் கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1972-ல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை திறந்தபிறகு தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஃபேக்டரி பஸ் ஏறத் தொடங்கினார்கள் இல்லையா, அந்த வரிசையில் பின்னால் வந்தவர். இருபது வருடமாகச் சோல்டர் அயர்ன் பிடித்த கை. அந்தக் கை வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அயர்ன் முனை பேட்டைத் தொடும், எடுக்கும், அவ்வளவுதான். நடுவில் தயக்கம் இருக்காது.

செம்பு போர்டில் ஒட்டிக்கொண்டிருப்பது பசை போன்ற ஒரு பிசினின் பலத்தில். சூடு ஏறினால் அந்தப் பிசின் தளரும். பேட் பெரிதாக இருந்தால் சூட்டைத் தாங்கிக்கொள்ளும், பிடித்தும் நிற்கும். சின்னதாக இருந்தால் தோலுரிவது மாதிரி மேலே கிளம்பி வந்துவிடும். என் பேட்டில் காகிதத்தில்தான் 0.15. நாம் கேட்பது முடிந்த ஓட்டையின் அளவு. உள்ளே செம்பு பூச இடம் வேண்டும் என்று ஃபேக்டரி அதைவிடப் பெரிய டிரில்லைத்தான் போடும். அதோடு டிரில் கொஞ்சம் நகர்ந்தால் ஒரு பக்கம் தலைமுடி அளவுதான் மிச்சம். அதிலும் ஈயமில்லாத சோல்டர், அதை உருக்கச் சூடு அதிகம் வேண்டும். நாற்பது பின் கனெக்டரைக் கழற்றும்போது நாற்பதும் ஒழுங்காக விட வேண்டும். ஒன்று பிய்ந்து வந்தாலும் போர்டு குப்பைக்கு.

"தம்பி, இந்த போர்டு ரொம்ப கஞ்சம்லா" என்றார் அக்கா ஒருநாள், கேண்டீனில். "தொட்டாலே கெளம்பிருது."

"கொஞ்சம் சூட்டைக் கொறச்சிப் பாருங்கக்கா" என்றேன்.

சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவர் சூட்டைக் குறைத்துப் பார்க்காமல் இருந்திருப்பாரா? குறைத்தால் சோல்டர் உருக நேரமெடுக்கும், நேரமெடுத்தால் பேட்டுக்குள் அதே சூடு இறங்கும்.

இரண்டு மாதத்தில் குப்பைக்குப் போன போர்டுகளின் எண்ணிக்கை கூட்டத்துக்கு வந்தது. காரணம் என்ற கட்டத்தில் "ஆப்பரேட்டர், அதிகச் சூடு" என்று எழுதியிருந்தது. தரப் பிரிவில் இருந்தவர் முறைக்காக என்னைப் பார்த்து, டிசைன் ஸ்டாண்டர்டுக்குள்ள இருக்கா என்று கேட்டார். இருக்கு என்றேன்.

அந்தச் சொல்லைத்தான் இத்தனை வருடமாக வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அது பொய்யில்லை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்தும் சொல்லலாம். ஆனால் கேட்ட கேள்வி ஒன்று, அந்த மேசையில் தீர்மானமாகப் போகும் விஷயம் இன்னொன்று என்பது எனக்குத் தெரிந்திருந்தது. முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அக்காவை பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. ரீவொர்க் மேசைக்காரர்களுக்கு மட்டும் மாதம் எண்பது வெள்ளி கூடுதலாக உண்டு, அது போனது.

அப்போது எனக்கு மேலே ஒரு சீன சீனியர் இருந்தார். முப்பது வருடம் போர்டு வரைந்தவர், நல்ல மனிதர். மனசு கேட்காமல் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சொன்னதை இங்கே நேர்மையாக எழுத வேண்டும், ஏனென்றால் அதில் விஷயம் இருக்கிறது. எல்லார் தப்புக்கும் இடம் விட்டு வரைந்தால் போர்டு இரண்டு மடங்கு ஆகும் என்றார். இரண்டு அடுக்கு போதாமல் நாலு அடுக்கு ஆகும், விலை ஏறும், வாடிக்கையாளர் வேறிடம் போவார், அப்புறம் ரீவொர்க் மேசையே இருக்காது. இன்னொன்றும் சொன்னார். நீ இடம் விட்டால் டிரில் போடுகிறவன் அந்த இடத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வான், தேய்ந்த டிரில்லை மாற்றாமல் இன்னும் ஆயிரம் ஓட்டை போடுவான். நம் ஊர்ப் பழமொழியை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் சொன்னது அதேதான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்.

அந்தப் பழமொழியை நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அது மடத்தில் உட்கார்ந்திருப்பவன் சொன்ன பழமொழி. வெளியே நிற்பவன் எதற்கு இடம் கேட்டான் என்று அதில் இல்லை. மழைக்கு ஒதுங்கக் கேட்டானா, மடத்தை எடுக்கக் கேட்டானா? சீனியர் சொன்ன செலவுக் கணக்கை என்னால் மறுக்க முடியாது. விடுகிற ஒவ்வோர் இடத்துக்கும் யாரோ காசு கொடுக்கிறார்கள், உண்மை. ஆனால் விடாத இடத்துக்கும் யாரோ கொடுக்கிறார்கள். முதல் செலவு விலைப்பட்டியலில் வரும். இரண்டாவது, ஒருவர் பெயருக்கு நேரே "ஆப்பரேட்டர்" என்று வரும். கூட்டிப் பார்த்தால் எது அதிகம் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே தாளில் இருப்பதில்லை.

அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் பகுதியில், லெஸ்போஸ் தீவில் கட்டடம் கட்டுபவர்கள் பயன்படுத்திய ஈய அளவுகோல் ஒன்றைச் சொல்கிறார். இரும்பு அளவுகோல் மாதிரி விறைப்பாக நிற்காது. கல்லின் வளைவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். சட்டம் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டது, எல்லா இடத்துக்கும் பொருந்தாது, பொருந்தாத இடத்தில் வளைந்துகொடுப்பதும் நீதிதான் என்று காட்ட அவர் எடுத்த உதாரணம். இதைப் படித்தபோது முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. விதி வளையலாம், பெரியவரே சொல்லிவிட்டார்! அப்புறம்தான் உறைத்தது. அந்த அளவுகோல் வளைவது கல்லுக்காக. நான் வளைத்தது எனக்காக, மறுநாள் கோப்பு அனுப்ப வேண்டும் என்பதற்காக. கல்லை நான் பார்க்கவே இல்லை.

இன்னொரு தத்துவவாதியிடமும் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். பெர்னார்டு வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றி எழுதுகிறார். தன் மேல் எந்தத் தப்பும் இல்லாமல் ஒரு பிள்ளையின் மேல் ஏற்றிவிட்டவர். "உன் தப்பு இல்லை" என்று எல்லாரும் சொல்லுவோம். சொல்வதும் சரி. ஆனால் அவர் உடனே "ஆமாம், இல்லைதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் நமக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் வரும். பக்கத்தில் நின்று பார்த்தவனின் வருத்தத்துக்கும், செய்தவனின் வருத்தத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்கிறார். அந்த ஓட்டுநர் இடத்தில் என்னை வைத்துக்கொள்ள எனக்கு ரொம்ப ஆசை. முடியவில்லை. அவருக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. எனக்கு நாற்பது எரிந்தது.

அப்படியானால் விதியை மாற்றியதுதான் தப்பா? அதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது.

அக்கா பேக்கிங்குக்குப் போன சில வாரம் கழித்து, வேறொரு திருத்தத்துக்காக அதே போர்டைத் திறந்தேன். யாரும் கேட்காமலே அந்தக் கனெக்டரின் பேட்டுகளை வட்டத்திலிருந்து நீள்வட்டமாக மாற்றினேன். அகலம் 1.4, அதே அளவு. நடுவே இரண்டு கோடும் அப்படியே போகும். நீளம் மட்டும் 2.0. இப்போது ஓட்டைக்கு மேலும் கீழும் 0.45 செம்பு. பேட் பிடித்து நிற்க அது தாராளம். ஒரு பேட்டின் பெட்டியில் எண்ணை மாற்றி மற்றவற்றுக்கும் போட்டுவிட்டால் முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பத்து நிமிடம். அன்றைக்கு எனக்கு இது தெரியாமல் இல்லை. போர்டு வரைய வந்த முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற வழி. எனக்கு அன்றைக்கு அந்த நாற்பது அம்பும் நாற்பது தொல்லையாக மட்டும்தான் தெரிந்தன. ஒவ்வொன்றின் மறுமுனையிலும் ஒரு கை இருக்கிறது என்று தோன்றியிருந்தால் பத்து நிமிடம் கிடைத்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பக்கவாட்டில் இப்போதும் 0.15 தான். பழைய விதியை வைத்துச் சரிபார்த்தால் அதே நாற்பது பிழை வரும். மென்பொருளைப் பொறுத்தவரை முதல் போர்டும் இரண்டாவது போர்டும் ஒரே மாதிரி குற்றவாளிகள். நான் விதியை இரண்டு தடவை மீறியிருக்கிறேன். ஒரு தடவை அது அயோக்கியத்தனம். இன்னொரு தடவை, என் வேலையில் நான் செய்த கொஞ்சம் நல்ல காரியங்களில் ஒன்று.

அந்தப் பதிப்பிலிருந்து பேட் பிய்ந்து வருவது ஏறக்குறைய நின்றுபோனது. எண்ணிக்கை குறைந்ததற்குக் கூட்டத்தில் காரணம் சொன்னார்கள். ஆப்பரேட்டரை மாற்றியதால் குறைந்தது என்று எழுதிக்கொண்டார்கள். அப்போதும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

போர்டைத் திருத்தியது எனக்குச் சுலபமாக இருந்தது. வாயைத் திறப்பது முடியவில்லை. போர்டைத் திருத்தினால் நல்ல டிசைனர் என்று பெயர். எதற்குத் திருத்தினேன் என்று சொன்னால் வேறு பெயர். பிராயச்சித்தம் என்று நாம் செய்யும் காரியங்களில் பாதிக்கு மேல், அடுத்தவருக்குப் போக வேண்டியதை நமக்கு நாமே கொடுத்துக்கொள்வதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நீள்வட்ட பேட்டால் நன்மை அடைந்தது அந்த மேசைக்குப் பிறகு வந்த பெண். அக்காவுக்கு அதில் ஒன்றுமில்லை.

போன வருடம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து நாற்காலி. முடி நரைத்துவிட்டது.

"இன்னும் கோடு போடுறியா தம்பி?"

போடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, அந்த நாப்பது பின் போர்டு…" என்று ஆரம்பித்தேன். எப்படி முடிப்பது என்று தெரியாமல்தான் ஆரம்பித்தேன்.

"தெரியும்லா" என்றார்.

"என்னக்கா தெரியும்?"

"நான் பேக்கிங்லதான இருந்தேன், போர்டெல்லாம் என் கை வழியாத்தான போவுது. பேட்டு நீட்டமா வந்திச்சி. சரியா இருந்தா நீ எதுக்கு மாத்துற?"

சாம்பார் ஊற்ற வந்தவருக்கு வழிவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தார். அப்போதே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது கேட்கக்கூடாத கேள்வி, அதுவும் நான் கேட்கக்கூடாத கேள்வி என்று தெரிந்தது. அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

"யார்ட்ட சொல்ல? நான் சொன்னா அது சாக்கு. நீ சொன்னா அது ரிப்போட்டு."

நாங்கள் இரண்டு பேரும் அன்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிந்திருக்கும்.

அவர் பேச்சை மாற்றினார். மகள் ஜொகூரில் நர்ஸாக இருக்கிறாள் என்றார். முட்டி வலி என்றார். அப்பளம் நமுத்துவிட்டது என்று சொல்லி ஓரமாக வைத்தார். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த எண்பது வெள்ளி எத்தனை மாதம் வரவில்லை, திரும்ப எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"பதினாலு மாசம்" என்றார். யோசிக்கவே இல்லை.